ஒரு துளைகூடக் கூடாது

மீட்டா யாஃப்தாவின் குறி தப்பிவிட்டது என்ற செய்தி, அவள் ஊர் திரும்புவதற்கு முன்பே பிலிப்போலிஸ் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ஆடுகள் குட்டி போடும் பருவம். வெர்மாக் பண்ணையில் ஒரு நரி புகுந்து குட்டிகளைத் தின்றுகொண்டிருந்தது. தின்றதைவிடக் கடித்துப் போட்டதுதான் அதிகம். வழக்கம்போல மீட்டாவைக் கூப்பிட்டார்கள். விடியற்காலையில் பாறை மறைவில் படுத்துக் கிடந்தாள். நரி வந்தது, நின்றது, காதை உயர்த்தியது. அவள் சுட்டாள். குண்டு அதன் வயிற்றுக்குக் கீழே மண்ணைக் கிளப்பியது. அடுத்த வாரமும் அதே கதை.

நரி வேட்டைதான் மீட்டாவுக்குப் பிழைப்பு. கட்டிக்கொண்டவன் தங்கச் சுரங்க வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அப்பாவின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய், "உங்க நரியை நான் சுடறேன்" என்று சொன்னாள் என்பது மட்டும் தெரியும். முதலில் சிரித்தார்கள். பிறகு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். அந்த வருமானத்தில் இரண்டு பெண்களைப் படிக்க வைத்து, ஒருத்தியை நர்ஸாகவும் ஆக்கிவிட்டாள். வெள்ளைக்காரப் பண்ணைக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவள் எங்கள் ஆட்களில் அவள் ஒருத்திதான்.

குறி ஏன் தப்பியது என்று அவளே என் அடுப்படியில் உட்கார்ந்து சொன்னாள்.

"நரியோட மீசைகூடத் தெரியுது, டோரா. ஆனா துப்பாக்கி மேல குறி பார்க்கறதுக்கு இருக்கற பின்குறி, கைக்கெட்டற தூரத்துல இருக்கற சனியன், கம்பளி உருண்டை மாதிரி மங்கிப்போவுது. வயசாச்சு. கண்ணு கிட்டத்துல வேலை செய்ய மாட்டேங்குது."

"அப்ப ஸ்கோப் கண்ணாடி மாட்டிக்கோங்கக்கா. எல்லாரும் அதத்தானே வச்சிருக்காங்க."

"மாட்டலாம்" என்றாள். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை.

புளும்ஃபொன்டெயின் நகரத்தில் ஃபூரி என்று ஒரு துப்பாக்கிக் கடைக்காரர். என் வண்டியில்தான் போனோம். மீட்டாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஃபூரி நல்ல மனிதர். உறையிலிருந்து அவள் துப்பாக்கியை எடுத்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆங்கிலேயருக்கும் போயர் பண்ணைக்காரர்களுக்கும் நடந்த போயர் யுத்தத்துக்கு முன்னால் ஜெர்மனியிலிருந்து வந்த மாசர் வேட்டைத் துப்பாக்கி. இரும்பின் நீல மெருகு இன்னும் முழுசாகப் போகவில்லை.

"செய்யலாம்மா. மேல நாலு துளை போட்டு ஸ்கோப்புக்குத் தாங்கி வைக்கணும். குண்டை உள்ள தள்ளற போல்ட்டோட கைப்பிடி நேரா நீட்டிக்கிட்டிருக்கு பாருங்க, தூக்கினா ஸ்கோப்புல இடிக்கும். அதை அறுத்து, கீழ வளைச்சு ஒட்டணும். வளைச்ச கைப்பிடி உக்கார்றதுக்கு, இங்க, கட்டையில கொஞ்சம் செதுக்கி எடுக்கணும்."

அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கத்தியால் கீறிய எழுத்துகள் இருந்தன. கே. யாஃப்தா.

கிளாஸ் யாஃப்தா, மீட்டாவின் கொள்ளுத்தாத்தா. அந்த யுத்தத்தில் பண்ணை முதலாளி ஹென்ட்ரிக் வெர்மாக்குக்குப் பின்னால் குதிரையில் போனவர். அவருக்குச் சமைத்தவர், குதிரை பார்த்தவர், குண்டு நிரப்பிக் கொடுத்தவர். ஹென்ட்ரிக் செத்த பிறகு துப்பாக்கியை எடுத்துச் சுட்டதும், அதில் பெயரைக் கீறியதும் அவர்தான். அந்தப் பகுதியை வெர்மாக் வீட்டில் சொல்லமாட்டார்கள். யுத்தம் முடிந்ததும் துப்பாக்கி அந்த வீட்டுக்கே திரும்பிப் போய், பல காலம் வரவேற்பறைச் சுவரில் தொங்கியது. கல்யாணமே செய்துகொள்ளாத அலெட்டா வெர்மாக் சாகும்போது, மீட்டாவின் அப்பாவுக்கு அதை உயில் எழுதிவைத்தாள். உறவுக்காரர்களுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"எழுத்தெல்லாம் போயிடுமா?" என்று கேட்டாள் மீட்டா.

"ரெண்டு மூணு எழுத்து போகும். மீதியைத் தேச்சு மெருகு போட்டுத் தர்றேன். புதுசு மாதிரி ஆயிடும்."

மீட்டா துப்பாக்கியை உறைக்குள் தள்ளினாள்.

"துளை போடாம முடியாதா?"

"நான் செஞ்சதில்லை. சுட்டா ஆடிடும்மா. பொறுப்பு எடுத்துக்க முடியாது."

"அப்ப ஒரு துளைகூட வேணாம்."

ஊர் வந்து சேருமுன் பாலத்துக்குப் பக்கத்தில் ஸ்டெஃபான்ஸ் வெர்மாக் வண்டியை நிறுத்தி எங்களை மறித்தான். அலெட்டாவின் தம்பி பேரன். இப்போது பண்ணை அவனுடையது. கெட்டவன் என்று சொல்லமாட்டேன். ஆனால் எதையும் விலைபேசி முடித்துவிடலாம் என்ற நினைப்பு உண்டு.

"மீட்டா, ஒரு நல்ல யோசனை சொல்றேன். அந்தப் பழசை என்கிட்டக் குடுத்துடு. ஸ்கோப்போட புத்தம்புது துப்பாக்கி வாங்கித் தர்றேன். எங்க குடும்பத்துப் பொருள் எங்க வீட்டுக்கு வந்த மாதிரியும் இருக்கும், உனக்கும் வேலை நடக்கும்."

"உன் குடும்பத்துப் பொருள்னா உன் குடும்பத்துப் பேரு எங்க இருக்கு அதுல?"

"சரி, குடுக்க வேணாம். துளை போட்டு மாட்டிக்க. அதுவும் மாட்டேன்னுட்டியாமே, ஃபூரி போன்ல சொன்னாரு. என் ஆட்டுக்குட்டி தினம் சாவுது. இருட்டுல பார்க்கற கருவி வச்சிருக்கற ஆள் ஒருத்தன் இருக்கான், அவனைக் கூப்பிடப் போறேன்."

"கூப்பிடு. நரி அவனுக்கும் சேர்த்து இருக்கு."

அவன் போன பிறகு நான் வண்டியைக் கிளப்பினேன். மீட்டாவின் கை உறையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தது.

என் வீட்டுக்காரர் யோனாஸ் காற்றாலை பழுது பார்ப்பவர். பின்முற்றத்துக் கொட்டகையில் இரும்பு கடைய ஒரு பழைய லேத் உண்டு. துப்பாக்கி வேலை அவருக்குத் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிட்டார். மீட்டா அவர் முன்னால் துப்பாக்கியை வைத்து, பின்குறியைத் தாங்கும் ஊசியைத் தட்டி எடுத்தாள். பின்குறித் தகடு கையோடு வந்தது. அதன் கீழே ஒரு சின்ன ஸ்பிரிங், ஒரு திருகு. அவற்றையும் கழற்றினாள். குழலின் மேல் வெறும் பீடம் மட்டும் நின்றது.

"இந்த ஊசித் துளை ஜெர்மன்காரன் போட்டது, இந்தத் திருகுத் துளையும் அவன் போட்டதுதான்" என்றாள். "இந்த ரெண்டையும் வச்சு ஒரு தாங்கி பண்ணு. ஸ்கோப் இங்க, முன்னாடி உக்காரட்டும். கைப்பிடியும் இடிக்காது, மேலேருந்து குண்டு போடறதுக்கும் வழி இருக்கும்."

"அவ்வளவு முன்னாடி வச்சா கண்ணுக்குப் படம் தெரியுமா?" என்றார் யோனாஸ்.

தெரியும் ரகம் ஒன்று இருக்கிறது. கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தாலும் படம் காட்டும் சின்ன ஸ்கோப். பெரிதாகப் பெருக்கிக் காட்டாது, அவ்வளவுதான். கிம்பர்லியில் ஒருவரிடம் பழையது கிடைத்தது.

யோனாஸ் முதலில் அலுமினியத்தில் செய்தார். பார்க்க அழகாக இருந்தது. வறண்ட ஆற்றுப்படுகைக்குப் போய், அட்டைப்பெட்டியில் வட்டம் போட்டுச் சுட்டுப் பார்த்தோம். முதல் குண்டு வட்டத்துக்குள் விழுந்தது. அடுத்தது ஓரத்தில். அதற்கடுத்தது பெட்டியிலேயே படவில்லை. சுடும்போது துப்பாக்கி உதைக்கிற ஒவ்வொரு உதைக்கும் அலுமினியத்தில் ஊசித் துளை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டே போயிருந்தது. கையால் தொட்டாலே ஸ்கோப் ஆடியது.

யோனாஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அக்கா, ஒண்ணே ஒண்ணு. சின்னதா ஒரு துளை போட்டுத் திருகு இறக்கிடறேன். தாங்கிக்கு அடியில. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எல்லாரும் என் நல்லதுக்குத்தான்யா சொல்றாங்க. துளைக்காரன், பண்ணைக்காரன், இப்ப நீ. முடியலைன்னா சொல்லு, நான் நரியைக் கல்லால அடிச்சுக்கறேன்."

எனக்குக் கோபம் வந்தது. என் புருஷன் கூலி பேசாமல் வேலை செய்கிறார், அவரைப் போய் இப்படி. சொல்ல வாயெடுத்தேன். யோனாஸ் சிரித்துவிட்டார். அலுமினியத் துண்டைக் குப்பையில் எறிந்துவிட்டு, காற்றாலை அச்சிலிருந்து வெட்டிய இரும்பை லேத்தில் மாட்டினார்.

இந்த முறை தாங்கிக்குக் கீழே இரண்டு காதுகள் வைத்தார். அவை பீடத்தை இரு பக்கமும் கவ்விப் பிடித்தன. உதையைக் காதுகள் வாங்கிக்கொள்ளும், ஊசிக்குப் பாரம் போகாது. இரும்பும் இரும்பும் உரசி நீலம் போய்விடாமல் இருக்க, இடையில் மெல்லிய பித்தளைத் தகடு. மீட்டா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு அரத்தேய்ப்பையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இடையிடையே துப்பாக்கியை வாங்கி வைத்துப் பார்ப்பாள், "இன்னும் மயிரிழை" என்பாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் மயிரிழை தேய்ப்பார்.

ஆற்றுப்படுகையில் அந்தத் தாங்கி அசையவில்லை. ஒரு பெட்டிக் குண்டு தீரும்வரை சுட்டாள். வட்டத்துக்கு வெளியே ஒன்றுகூடப் போகவில்லை. அவள் யோனாஸின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். நன்றி என்று சொல்லவில்லை, அது அவள் வழக்கமும் இல்லை.

இதற்குள் ஸ்டெஃபான்ஸ் கூப்பிட்ட ஆள் வந்து, இருட்டில் இரண்டு நரிகளைச் சுட்டுவிட்டுப் போயிருந்தான். இரண்டும் சின்ன நரிகள். குட்டிகள் சாவது நிற்கவில்லை. மீட்டா வெர்மாக் பண்ணைக்குப் போகவில்லை. கூப்பிடாத இடத்துக்கு அவள் போகமாட்டாள். வேலிக்கு இந்தப் பக்கம் மொசேஸ் டிக்கோவின் மேய்ச்சல் நிலம். அவருக்கும் குட்டிகள் போய்க்கொண்டிருந்தன. அங்கே போனாள்.

நான்தான் கொண்டுபோய் விட்டேன். வண்டியிலேயே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. வெளிச்சம் வந்துகொண்டிருக்கும்போது நரியை வரவழைக்க மீட்டா அடிபட்ட முயல் கத்துவதுபோல் கத்தினாள்; அது அவள் தொண்டையிலிருந்து வருகிறது என்று தெரிந்தும் நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். வேலிக்குக் கீழே பறித்த குழி வழியாக அந்த நரி வந்தது. பெரியது, முதுகு முழுக்க வெள்ளி. நின்றது. இவளும் சுடவில்லை. நகரேன், சுடேன் என்று நான் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அது பக்கவாட்டில் திரும்பியதும் வெடிச்சத்தம் கேட்டது. நரி இருந்த இடத்திலேயே மடங்கியது.

அதற்கப்புறம் வேலிக்கு இரண்டு பக்கமும் குட்டிகள் செத்து விழுவது நின்றது. மொசேஸ் ஒரு முழு ஆட்டை வெட்டிக் கொடுத்தார். கரியில் ரொட்டி சுட்டு, வால் கொழுப்போடு தின்றோம். நரித் தோலை மீட்டா எங்கள் முற்றத்து வேலியில், சாலையைப் பார்த்தாற்போல் விரித்துக் கட்டினாள். பண்ணைக்குப் போகிறவர்கள் எல்லாம் அதைக் கடந்துதான் போகவேண்டும்.

"எதுக்குக்கா இங்க? நாத்தம் தாங்கலை."

"நாறட்டும்."

மறு வருஷம் குட்டி போடும் பருவம் தொடங்கியபோது ஸ்டெஃபான்ஸ் எங்கள் வீட்டுக்கே வந்தான். மீட்டா முற்றத்தில் உட்கார்ந்து ஸ்கோப்பைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் காப்பி கொடுத்தேன். அவன் அதைக் குடித்து முடித்த பிறகும் அவள் தலை நிமிரவில்லை.

"இந்த வருஷம் வர்றியா?" என்றான் கடைசியில்.

"எதை வச்சு சுடணும்னு யாரும் எனக்குச் சொல்லக்கூடாது."

"சொல்லலை."

"அந்தக் கருவிக்காரன் நான் இருக்கும்போது உள்ள வரக்கூடாது. எனக்கு இருட்டுல யார்னு தெரியாது, நான் பாட்டுக்குச் சுட்டுருவேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். "சரி."

"அப்ப மேல்வயல் கேட் சாவியைக் குடுத்துட்டுப் போ" என்று கையை நீட்டினாள் மீட்டா.