வாத்து வேண்டாம் என்பதற்கு நான் சொன்ன காரணங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை மணி பத்து இருபது. ஈஜோக்கில் ஒரு மண்டபத்தில் உறவுக்காரப் பெண் ஒருத்திக்குப் பரிசம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டுகள் வரிசையாக மேடைக்குப் போயின. மேடைக்கு மேல் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி, இன்னும் எவ்வளவு நேரத்தில் கிளம்பலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் அக்கா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, என் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“புள்ளைங்கள இன்னிக்குப் பாரிட்டுல எறக்கச் சொல்லிட்டேன் தம்பி. மூணு வாரம் ஆச்சு. இன்னும் எத்தன நாளைக்கு பேசின்லயே நீந்தும்?”

பிள்ளைகள் என்று அவள் சொன்னது, வீட்டில் பிளாஸ்டிக் பேசினில் நீந்திக்கொண்டிருந்த வாத்துக் குஞ்சுகளை. இறக்கச் சொன்னது வீட்டில் தனியாக இருந்த என் மகளிடம். பாரிட் என்பது எங்கள் ஊரான அசாம் ஜாவாவில் வீட்டுக்குப் பின்னால் ஓடும் பெரிய வடிகால். கடல் ஏறும் நேரத்தில் மதகை அடைத்துவிடுவார்கள். தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் கரை வரைக்கும் நின்றுவிடும். அன்று காலை கடல் ஏறியிருந்தது.

என் மகளுக்கு வலிப்பு உண்டு. பதினைந்து வயதில் தொடங்கியது. இப்போது அவளுக்குப் பதினெட்டு. தனியாகத் தண்ணீர்ப் பக்கம் விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குளிக்கும்போதுகூட எங்கள் வீட்டில் கதவைத் தாழ்ப்பாள் போடுவதில்லை. இது எதுவும் அக்காவுக்குத் தெரியாது. எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. கோலா சிலாங்கூரிலேயே ஆஸ்பத்திரி இருக்கும்போது, தெரிந்த முகம் எதுவும் வரிசையில் நிற்கக் கூடாதென்று அவளைக் கிள்ளானுக்குக் கூட்டிப் போனவர்கள் நாங்கள். பெண் பிள்ளை, நாளைக்கு யார் வந்து கேட்பார்கள் என்ற பயம். இதை முதலில் சொன்னது என் மனைவி என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். முதலில் சொன்னது நான்தான்.

அன்று அவளைப் பரிசத்துக்குக் கூட்டி வராததும் அதனால்தான். கூட்டம், வெக்கை, மேளச் சத்தம். மண்டபத்தில் விழுந்துவிட்டால்? பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னோம். அவள் பள்ளிக்கூடம் முடித்தே ஒரு வருடம் ஆகிவிட்டது. எந்தப் பரீட்சை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வாத்துக் கதைக்கு வருகிறேன். படிப்பு முடிந்ததும் அவளுக்கு வேலைக்குப் போக ஆசை. தொழிற்சாலை வேண்டாம், இயந்திரம் இருக்கும் என்றோம். கடை வேண்டாம், நாள் முழுக்க நிற்க வேண்டும் என்றோம். மோட்டார் சைக்கிள் ஓட்டவே கூடாது. இப்படி ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்து கடைசியில் வீட்டையும் பின்புறத்தில் இருந்த கொஞ்சம் நிலத்தையும்தான் மிச்சம் வைத்தோம். அவள் அந்த நிலத்தைக் கேட்டாள். வாத்து வளர்க்கிறேன், முட்டையை உப்புப் போட்டு விற்கிறேன் என்றாள். கைப்பேசியில் பார்த்துப் பார்த்து கூண்டு எவ்வளவு உயரம், எத்தனை பெட்டைக்கு ஓர் ஆண் என்று ஒரு நோட்டில் எழுதியும் வைத்திருந்தாள்.

நான் கோழி வாங்கித் தருகிறேன் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். கேட்டது அக்கா.

என் அக்கா ஈஜோக்கில் தனியாக இருக்கிறாள். எஸ்டேட் லயத்தில் எங்களை வளர்த்த காலம் தொட்டு இன்று வரை அவள் வீட்டில் கோழியும் வாத்தும் இல்லாத நாள் கிடையாது. ஆறு மாதம் அவள் வந்தபோதெல்லாம் இதே சண்டை. வாத்து நாறும் என்றேன்.

“ஏன், கோழி பன்னீரா பேளுது?” என்றாள்.

வாத்து ஓயாமல் கத்தும், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள், எங்கள் மக்சிக், தப்பாக நினைப்பார் என்றேன். சேவல் விடியற்காலையில் பாட்டா படிக்கிறது என்றாள். பாரிட்டில் உடும்பு இருக்கிறது, குஞ்சு ஒன்றும் மிஞ்சாது என்றேன். உடும்புக்குக் கோழிக் குஞ்சு கசக்குமா என்றாள். முனியாண்டிக்குப் படைக்கச் சேவல்தான் வேண்டும், வாத்தையா அறுப்பது என்றுகூடக் கேட்டுப் பார்த்தேன். அதுக்கு ஒரு சேவல் போதுமே, வாத்து வளர்க்காதேன்னு முனியாண்டி உனக்கு எழுதிக் குடுத்தாரா என்று அவள் கேட்டதும் என் மனைவியே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வருகிறது. நான் சொன்ன ஒவ்வொரு காரணமும் பொய். பொய்க் காரணம் எவ்வளவு சொன்னாலும் அவளால் தட்டிவிட முடியும். ஏனென்றால் அவள் சொன்னதெல்லாம் உண்மை. தம்பிக்கு வெறும் வீம்பு என்று அவள் முடிவு கட்டினாள். வேறு என்ன நினைக்க முடியும்?

கடைசியில் ஆறு கோழிகள் வாங்கினேன். அதில் ஒன்று அடைக்கு உட்கார்ந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு: நாட்டு வாத்து சரியாக அடை காக்காது என்பதால், வாத்து முட்டையைக் கோழிக்கு அடியில் வைத்துப் பொரிக்க விடுவார்கள். கோழிக்கு வித்தியாசம் தெரியாது. அக்கா ஒருநாள் கைப்பையில் துணி சுற்றி எட்டு வாத்து முட்டைகளைக் கொண்டுவந்து, கோழி முட்டைகளை எடுத்துவிட்டு இவற்றை வைத்துவிட்டுப் போய்விட்டாள். என் மகளும் உடந்தை. இருபத்தொரு நாளில் பொரிக்க வேண்டியது இருபத்தெட்டு நாள் ஆனதே என்றுகூட நான் யோசிக்கவில்லை. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், கோழியின் இறக்கைக்குள்ளிருந்து தட்டை மூக்குடன் ஐந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

நான் கத்தினேன். அக்காவுக்குப் போன் போட்டு, என் வீட்டில் நான் சொல்வதற்கு மதிப்பில்லையா என்று கேட்டேன். அவள் மறுமுனையில் விழுந்து விழுந்து சிரித்தாள். திரும்பிப் பார்த்தால் என் மகளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை மாதம் ஆகிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சரி, பேசினில் தண்ணீர் வைத்து விளையாட விடு, பாரிட் பக்கம் மட்டும் போகக் கூடாது என்று அவளிடம் சொன்னேன். அவளிடம் மட்டும் சொன்னேன்.

ஆக, பத்து இருபதுக்கு மண்டபத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். அக்காவிடம் வயிறு சரியில்லை என்றேன். அந்த நேரத்திலும் அதைத்தான் சொன்னேன். மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காருக்கு வந்தேன். சாப்பிடாமல் போகிறீர்களே என்று வாசலில் ஒருவர் மறித்தார், அவரிடமும் வயிறு.

மகளுக்குப் போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மக்சிக்குக்குப் போடுங்கள் என்றாள் மனைவி. போட்டிருக்கலாம். ஆனால் என்னவென்று சொல்லிப் போடுவது என்று நான் யோசித்துக்கொண்டே ஓட்டினேன். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் லோரி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டு, ஒரு நல்ல பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்த பிறகுதான் போட்டேன். வீட்டுச் சாவி விஷயமாகப் பேச வேண்டும், மகள் போன் எடுக்கவில்லை, கொஞ்சம் எட்டிப் பார்க்க முடியுமா என்று மக்சிக்கிடம் மலாயில் கேட்டேன். அவர் சமையலறை ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது. பாரிட் கரையில் உட்கார்ந்திருக்கிறாள், வாத்துகள் நீந்துகின்றன, அழகாக இருக்கிறது, கூப்பிடட்டுமா என்றார்.

பரவாயில்லை, நாங்கள் வந்துகொண்டிருக்கிறோம் என்றேன். நன்றி என்று சொல்லி வைத்தேன்.

இந்த இடத்தில்தான் நான் தினமும் வந்து நிற்கிறேன். ஒரு வாக்கியம். அவளுக்கு வலிப்பு வரும், பக்கத்தில் போய் உட்காருங்கள். இரண்டு விநாடி ஆகும். அந்த அம்மாள் போய் உட்கார்ந்திருப்பார். யாரிடமும் சொல்லவும் மாட்டார். சொன்னால்தான் என்ன?

மக்சிக்கைத் திரும்பவும் ஜன்னலுக்கு இழுத்தது என் பொய் இல்லை, கோழி. குஞ்சுகள் தண்ணீரில் இறங்கியதும் அது கரையில் இங்கும் அங்கும் ஓடிக் கத்தத் தொடங்கியிருக்கிறது. தான் பொரித்தவை மூழ்குகின்றன என்று அதற்கு நினைப்பு. நிறுத்தாமல் கத்தியிருக்கிறது. உடும்புதான் வந்துவிட்டதோ என்று மக்சிக் கையில் துடைப்பத்துடன் வெளியே வந்திருக்கிறார். கரையில் என் மகள் இல்லை. தண்ணீரில் அவள் முதுகு தெரிந்திருக்கிறது. இடுப்பளவு ஆழம்தான். அறுபது வயதைத் தாண்டிய அந்த அம்மாள் கட்டியிருந்த சாரோங்கோடு குதித்து, தலைமுடியைப் பிடித்து, முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவளைக் கரையில் ஒருக்களித்துப் போட்டிருந்தார்கள். வாயிலும் மூக்கிலும் சேறு. மூச்சு இருந்தது. இருமினாள், வாந்தி எடுத்தாள், என்னைப் பார்த்தாள், ஆனால் யாரென்று தெரியவில்லை. சுற்றிலும் பக்கத்து வீட்டு ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஆம்புலன்ஸ் வந்ததும் அதிலிருந்து இறங்கிய இளைஞர், இவளுக்கு ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா என்று எல்லோர் முன்னாலும் உரக்கக் கேட்டார். நான் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தேன். அந்த நேரத்திலும் பார்த்தேன். பதில் சொன்னது என் மனைவி. மருந்தின் பெயர், அளவு, கடைசியாக எப்போது வந்தது எல்லாவற்றையும் அவள் அழாமல் சொன்னாள். அதன் பிறகு என் முகத்தைப் பார்க்காமல் வண்டியில் ஏறினாள்.

நுரையீரலில் சேற்றுத் தண்ணீர் போயிருந்தது. இரண்டு நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். மூன்றாம் நாள் மூக்கில் மாட்டியிருந்த குழாயோடு அவள் பேசினாள். நான் அவளைத் திட்டக் கூடாது என்று சபதம் எடுத்திருந்தேன். இருந்தாலும் கேட்டுவிட்டேன். தெரிந்துகொண்டே ஏன் போனாய், அத்தை சொன்னால் முடியாது என்று சொல்லக் கூடாதா?

“என்னான்னு சொல்றதுப்பா? ஏன் முடியாதுன்னு அத்தை கேப்பாங்க. நீங்கதான சொல்லக் கூடாதுன்னீங்க.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “ஏழு மாசமா வரல. அதான் போனேன்,” என்றாள்.

அக்கா மேல் கோபம் இருக்கிறது. என் வீட்டில் என்னிடம் கேட்காமல் முட்டை வைத்தாள், என்னிடம் கேட்காமல் இறக்கச் சொன்னாள். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு போனால் நேராக என்னிடமே வந்து நிற்கிறது.

மகள் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அக்கா வந்தாள். ஆஸ்பத்திரிக்கு அவள் வரவில்லை. நாங்கள் எந்த ஆஸ்பத்திரி என்றே சொல்லவில்லை, நடந்ததையெல்லாம் அவள் பிறகு மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள், வலிப்பு உட்பட. செருப்பைக் கழற்றாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்புறம் போனாள். பேசினில் நீந்திக்கொண்டிருந்த வாத்துகளைப் பார்த்தாள். கோழி அவள் காலைக் கொத்தியது, விரட்டவில்லை. பிறகு உள்ளே வந்து, என் மகள் தலையில் கை வைத்து, மக்சிக் பிடித்து இழுத்ததில் முடி பிய்ந்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். திரும்பி என்னிடம்தான் சொன்னாள். சத்தம் போடவில்லை.

“ஆறு மாசம் எங்கிட்ட வாதாடுன. நாத்தம்ன, சத்தம்ன, முனியாண்டி வரைக்கும் இழுத்த. இந்த ஒரு வார்த்தைய சொல்லியிருந்தா, நானே அந்த முட்டைய ஒடச்சு வறுத்துக் குடுத்துட்டுப் போயிருப்பேன்லா. நான் ஒனக்கு மூணாம் மனுசியாடா, தம்பி?”