பால் பொங்கிய தேதி

செங்கம் சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த மல்லிநாதன், சாண எரிவாயுக் கலன் அமைப்பதை யாரிடமும் போய்க் கற்றவர் அல்லர். 1979இல் கைக்குக் கிடைத்த ஓர் ஆங்கிலக் கையேட்டை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எட்டு மாதம் படித்தார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கும் வீடு. மழைக்காலத்து ஈர விறகோடு மனைவி பத்மினி மாலைதோறும் பட்ட அவதியே அவரை அந்தக் கையேட்டின் முன் உட்கார வைத்தது. முதல் கலன் அவர் வீட்டுக் கொல்லையில்தான் அமைந்தது.

பிறகு அரசுத் திட்டம் வந்தது. வட்டாரத்துக்கு ஆண்டுக்கு நூறு கலன் என்பது இலக்கு. அலுவலகப் பட்டியலில் பெயருள்ளவர் அமைத்தால்தான் விவசாயிக்கு மானியம். பட்டியலில் மல்லிநாதனின் பெயர் மூன்றாவது.

அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. குழியில் சாணக் கரைசல் நிரப்பி, இரும்பு டிரம்மைக் கவிழ்த்த பிறகும் முடிப்புச் சான்றில் கையெழுத்திடமாட்டார். புதுமனை புகும்போது போல அந்த வாயுவில் எரியும் அடுப்பில் பால் பொங்க வேண்டும். பொங்கிய தேதியை நோட்டில் எழுதி, வீட்டுப் பெண்ணின் கைநாட்டை வாங்குவார். அதன் பிறகே சான்று.

1984 மார்ச் கடைசியில், அடி அண்ணாமலை ஊரில் அவர் அமைத்த ஏழு கலன்களில் இன்னும் வாயு ஏறவில்லை. வட்டாரத் திட்ட அதிகாரி கோதண்டராமன் பட்டறைக்கே வந்துவிட்டார்.

"இன்னாய்யா மல்லிநாதன், தொண்ணூத்து மூணு ஆயிடுச்சு. இந்த ஏழுக்கும் கையெழுத்துப் போட்டா இலக்கு முடிஞ்சுது."

"ஏப்ரல்ல பொங்கிடும் சார். பொங்கினதும் போடறேங்க."

"டெல்லிக்குப் பாலா அனுப்பப் போறேன்? நம்பர்தான்யா அனுப்பணும்!"

மல்லிநாதன் போடவில்லை. மார்ச் 31 அன்று வேறு யாரோ கையெழுத்திட, ஏழும் முடிந்தவை ஆயின. நூறு கலன்களும் முடிந்ததாகக் காட்டும் பட்டியல் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஏறியது. மல்லிநாதன் அதை வரிசை எண் தவறாமல் நகலெடுத்துக்கொண்டார்.

மே 2ஆம் தேதியிட்டு அவருக்கு ஓர் உத்தரவு வந்தது. அதே ஏழு கலன்களை முடிக்காமல் விட்டதற்காகப் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டிருந்தது.

அதன்பின் பதினான்கு மாதம் ஜன்னல் கம்பி வேலைதான். கலன் கேட்டு வந்த விவசாயிகள், மானியம் கிடைக்காது என்றறிந்து திரும்பினார்கள். பதினொரு மனுக்களைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். ஒப்புகை அட்டைகளை நூலில் கோத்து வைத்தார்.

"பதிலே வரல, இத எதுக்குங்க கட்டி வெக்கறீங்க?" என்றாள் பத்மினி.

"போய்ச் சேந்துச்சுன்றதுக்கு சாட்சி."

1985 ஜூலையில் கலன்களைச் சரிபார்க்கச் சென்னையிலிருந்து ஆய்வு அதிகாரி ராஜமாணிக்கம் வந்தார். அடி அண்ணாமலையில் உண்ணாமலை என்பவள் அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினாள். நீலச் சுடர் நின்று எரிந்தது.

"யாரும்மா போட்டுக் குடுத்தது?"

"மல்லிநாதன் மேஸ்திரிங்க. பால் பொங்கறவரைக்கும் நாலு தபா வந்து பாத்தாரு. கடைசில கைநாட்டு கேட்டாரா, நெலத்த எழுதி வாங்கறாருன்னு எங்க மாமியாரு ஒரே ரகள!"

அந்தப் பெயர் பட்டியலில் இல்லையே என்று ராஜமாணிக்கம் அவரை அலுவலகத்துக்கு அழைத்தார். மல்லிநாதன் தகரப் பெட்டியோடு போனார். மார்ச் பட்டியலின் நகலையும் மே மாத உத்தரவையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்.

"அதே ஏழு கலன். மார்ச்சுல முடிஞ்சுதுன்னு ஒண்ணு. மே மாசம் முடியலன்னு இன்னொண்ணு."

"இதுல எது நிஜம்?"

"ரெண்டுமே இல்லீங்க" என்று நோட்டை நீட்டினார். முதல் பால் ஏப்ரல் 9. கடைசிப் பால் ஏப்ரல் 26. எதிரே ஏழு கைநாட்டுகள்.

ராஜமாணிக்கம் அந்த ஏழு கலன்களையும் 1984 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டின் கணக்குக்கு மாற்றினார். அலுவலகத்தின் நூறு தொண்ணூற்று மூன்றாயிற்று. நீக்க உத்தரவை ரத்து செய்யச் சொன்னார்.

மூன்றாம் நாள் கோதண்டராமன் நிமிர்ந்து பாராமலே ரத்து உத்தரவை நீட்டினார். மல்லிநாதன் முழுவதும் படித்துவிட்டு மேசைமேல் திருப்பி வைத்தார்.

"இதுல அனுப்புகை எண் இல்லீங்க."

"உன் பேருதான் வந்துடுச்சே! இன்னும் இன்னாய்யா?"

"எண் இல்லாத காகிதம் நாளைக்கே இல்லன்னு ஆயிடும் சார்."

வெளியே போகும் உத்தரவுகளுக்கு எண் இட்டுப் பதியும் அனுப்புகைப் பதிவேட்டை எடுத்துவர எழுத்தர் எழுந்து போனார். அது வரும்வரை மல்லிநாதன் மேசையருகிலேயே நின்றார்.