ஜெயிக்கும்போது எடுக்காத போன்

அந்த லாண்டரிக்காரரை எல்லோரும் ‘நிலவரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரரே கையை விரிப்பார். காரணம் இருக்கிறது. திங்கட்கிழமை காலை கடையைத் திறந்ததும் மனிதர் முதலில் எடுப்பது துணியை அல்ல, போனை. ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி, மறு கையில் போன். “இந்த வார நிலவரம் என்னன்னா…” என்று ஆரம்பித்துவிடுவார். குரல் பதிவாகப் பேசி அனுப்புவதைக் கேட்கக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு ஜீவன் இருந்தது. அவருடைய அக்கா.

ஊர் டீம்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கால்பந்து டீம் தோற்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறது. ஹாக்கி டீம் ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே தோற்றுவிடும். பெண்கள் வாலிபால் டீம் மட்டும்தான் உருப்படி, அதைப் பார்க்க ஈ காக்கை போகாது. இவற்றையும் ஒரு பொருட்டாக மதித்துக் கட்டிக்கொண்டு அழுதவர்கள் அக்காவும் தம்பியும். சின்ன வயதில் டிக்கெட் இல்லாமல் ஸ்டேடியத்துச் சுவர் ஏறியபோது தம்பி மிதித்து ஏறியது அக்காவின் தோளைத்தான். கல்யாணமாகி நாடு விட்டுப் போன பிறகும் அவளுக்கு அந்தப் பைத்தியம் தெளியவில்லை.

ஆனால் ஒரு செய்தியையும் பார்க்கமாட்டாள். யாராவது ஸ்கோர் சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள்வாள். “நீ சொன்னாத்தான்டா எனக்கு மேட்ச் முடிஞ்ச மாதிரி. அந்த இஸ்திரிப் பெட்டி புஸ்ஸு புஸ்ஸுன்னு பின்னாடி கேக்கணும். அது இல்லன்னா நியூஸ் மாதிரியே இல்ல.”

டீமின் ஜெர்சிகள் இவர் கடைக்குத்தான் சலவைக்கு வரும். அதனால் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது.

“கால்பந்துல நம்மாளுங்க இந்த வாரமும் ரொம்பப் பெருந்தன்மையா நடந்துக்கிட்டாங்கக்கா. வந்தவங்களுக்கெல்லாம் கோல் குடுத்து அனுப்பியாச்சு. கோல்கீப்பர் ஜெர்சி வந்துச்சு, ஒரு பொட்டு மண்ணு இல்ல. மனுஷன் குதிச்சாத்தானே அழுக்காகும், எனக்கு சோப்பு மிச்சம். ஹாக்கி கோச் போறார்னு ஒரு பேச்சு, போகலன்னு ஒரு பேச்சு. அவர் போனாலும் இருந்தாலும் நாம தோக்குறதுக்கு ஒரு குறையும் வராது.”

அக்கா சிரித்துச் சிரித்துப் பதில் அனுப்புவாள். இந்த வருஷம் அந்தச் சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டால், “டாக்டருங்க ஏதோ சொல்லிட்டுப் போறாங்க, அத விடு. நம்ம ஒத்தக்காலன் முட்டி எப்படி இருக்கு?” என்பாள். ஒத்தக்காலன் என்பது கோல் அடிக்கிற ஆள். இடது காலைத் தவிர இன்னொரு கால் இருப்பதே அவனுக்குத் தெரியாது என்று அக்கா வைத்த பெயர்.

“நான் கிளம்பி வந்துடுறேன்க்கா.”

“நீ இங்க வந்துட்டா எனக்கு யாருடா நிலவரம் சொல்லுவா? சீசன் முடியட்டும், வா.”

எல்லா வருஷமும் பாதியிலேயே மூட்டை கட்டுகிற கால்பந்து டீம், இந்த வருஷம் பார்த்து ஃபைனல் வரைக்கும் வந்து தொலைத்தது. பாழாய்ப்போன டீம். வழக்கம் போலத் தோற்றிருந்தால் அவர் அக்காவின் கட்டிலருகே இருந்திருப்பார்.

ஃபைனல் ஞாயிற்றுக்கிழமை மதியம். கடையைப் பாதி சாத்திவிட்டு, மேஜை மேலிருந்த சின்ன டிவியின் முன்னால் அவரும் மனைவியும் உட்கார்ந்தார்கள். இரண்டாவது பாதியில் ஒத்தக்காலன் வலது காலால் ஒரு கோல் அடித்தான். அவனுக்கே நம்பிக்கை வரவில்லை, காலைக் குனிந்து பார்த்தான். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர்.

“அண்ணன் கூப்பிடுறார், எடுங்க,” என்றாள் மனைவி.

“எடுக்கக் கூடாதுடி. நாம முன்னாடி இருக்கோம்.”

இது அக்கா போட்ட சட்டம். முன்பொரு தடவை ஒரு மேட்சில் டீம் முன்னால் இருந்தபோது, ஒரு வாடிக்கையாளர் தன் பேண்ட்டைக் கேட்டு போன் செய்தார். இவர் எடுத்துப் பேசி வைப்பதற்குள் எதிரணி கோல் மேல் கோல் போட்டுவிட்டது. “இனிமே நாம முன்னாடி இருக்கும்போது போனத் தொட்டே, கைய ஒடிச்சிடுவேன். நானே கூப்பிட்டாலும் எடுக்காத,” என்று அன்றைக்கு அக்கா சொன்னாள். அதற்குப் பிறகு அவர் தொட்டதே இல்லை.

போன் நின்று மறுபடி அடித்தது.

“உங்க அண்ணனுக்கும் இந்தச் சட்டம் தெரியும்,” என்றார்.

“தெரிஞ்சும் கூப்பிடுறாரேங்க.”

அது அவருக்கும் உறைத்தது. உறைத்ததைக் காட்டிக்கொள்ளாமல் போனைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் மடித்த படுக்கை விரிப்புகளை அடுக்கினார். துணிக்கு அடியில் அது கொஞ்ச நேரம் முனகியது, பிறகு ஓய்ந்துவிட்டது.

டீம் ஜெயித்தது. ஆயுளில் பார்ப்போம் என்று நினைத்திராத கோப்பையை ஒத்தக்காலன் தலைக்கு மேல் தூக்கினான். நிலவரத்துக்குத் திங்கட்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. அவசரமாக இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, அது புஸ்ஸென்றதும் பேச ஆரம்பித்தார். “இந்த வார நிலவரம் என்னன்னா, அக்கா, சுவர் ஏறிட்டோம்க்கா.” பேசி அனுப்பிவிட்டுத்தான் அத்தானைக் கூப்பிட்டார்.

“அக்கா போயிட்டா மாப்ள,” என்றார் அத்தான்.

நிலவரம் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார்.

“காலையிலருந்தே முடியல. கடைசியா உன் குரலக் கேக்கணும்னா. ஸ்கோர் என்னன்னு தம்பிகிட்ட கேளுங்கன்னா. ரெண்டு தடவை அடிச்சேன். எடுக்கலியேன்னு சொன்னேன். அதுக்கு சிரிக்கிறா மாப்ள. ‘அப்ப நாம முன்னாடி இருக்கோம்’னா. நான் வேணா பாத்துச் சொல்லவான்னு கேட்டேன். வேணாம், தம்பி சொல்லட்டும்னா.”

எடுத்திருந்தால் அந்தக் குரலை இன்னொரு முறை கேட்டிருக்கலாம். ஒரு பந்துக்காக அதை விட்டுவிட்டோமே என்று துணிக்கட்டின் மேல் சாய்ந்து வாய்விட்டு அழுதார். மனைவி போனை வாங்க வந்தாள். அவர் கொடுக்கவில்லை.

“இப்ப பக்கத்துல இருக்கீங்களா அத்தான்?”

“இருக்கேன்.”

“போன அவ காதுகிட்ட வைங்க.”

அந்தப் பக்கம் போன் நகரும் சத்தம் கேட்டது. இஸ்திரிப் பெட்டி இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

“இந்த வார நிலவரம் என்னன்னா,” என்று ஆரம்பித்தவர் இஸ்திரிப் பெட்டியைப் போனுக்கு அருகே கொண்டுவந்தார். பிறகு சொன்னார். “ஜெயிச்சிட்டோம்க்கா. நீ சொன்ன மாதிரியே நான் போனத் தொடல.”