கேட்கிற செட்டு

காரப்பொடி மீனுக்குச் செதில் போக வேண்டுமென்றால் கல்லுப்பு போட்டு மண்சட்டியில் வைத்துத் தேய்க்க வேண்டும். குமாரவேல் தேய்த்துக்கொண்டிருந்தார். வலது காலை நீட்டி, சட்டியை இடது தொடைக்கு அணைத்து, அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் விசைப்படகு டிரைவர். வலை இழுக்கிற வின்ச் கம்பி முழங்காலை வாங்கிக்கொண்ட பிறகு வீட்டு வேலையெல்லாம் அவருடையதாகிவிட்டது. மனைவி மங்கை இருட்டோடு காசிமேடு போய் மீன் எடுத்து, காலடிப்பேட்டையில் கூடை இறக்கி, வெயில் ஏறித்தான் வருவாள். அவள் வரும்போது குழம்பு கொதித்திருக்க வேண்டும்.

ஜன்னல் கட்டையில் செட்டு இருந்தது. சோப்பு டப்பாவை நிமிர்த்தி வைத்தது போல ஒரு கறுப்புப் பெட்டி, தலையில் ஒரு முழத்துக்கு ஏரியல். பர்மா பஜாரில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் மஜீது கொடுத்தது. அவர் அதை ஸ்கேனர் என்பார். கப்பல், படகு, மெரைன் போலீஸ் என்று கடலில் பேசுகிற யாரையும் அது விடாது, தேடிப் பிடித்துவிடும்.

"இது கேக்குற செட்டு நைனா, பேசுற செட்டு இல்ல. கேட்டுட்டு வாய மூடிக்கினு இருந்தீன்னா ஒரு பேஜாரும் வராது" என்று சொல்லித்தான் கொடுத்தார் மஜீது. முதல் பாதியை மட்டும் குமாரவேல் எடுத்துக்கொண்டார்.

மங்கைக்கு அதைக் கண்டாலே ஆகாது. "அது இந்தில கத்துனா கூட காது குடுக்குற. நான் தமிழ்ல பேசுனா மட்டும் ஒனக்கு செவுடு" என்பாள்.

மற்ற நாட்களில் குப்பத்தில் யாரும் அந்தச் செட்டைப் பற்றிக் கேட்பதில்லை. எண்ணூர் பக்கம் துறைமுகத்துக்கு டெல்லியிலிருந்து பெரிய ஆள் யாராவது வருகிறார் என்றால் கதை வேறு. அன்றைக்குக் கடலை மூடிவிடுவார்கள். எப்போது திறப்பார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். போகிற வருகிறவனெல்லாம் ஜன்னலில் தலையை நீட்டி, "மாமு, இன்னா சொல்றான்?" என்பான். "ஒரு போலீஸ் போட்டு முகத்துவாரத்துல கீது, இன்னொண்ணு வடக்க போறான்" என்று பார்த்தது போல் சொல்வார் குமாரவேல். அந்தக் கேள்வி இல்லாத நாட்கள் அவருக்கு வெறும் காரப்பொடியும் அரிசி களைவதும்தான்.

ரோந்துப் படகுகளின் குரல்கள் எல்லாம் அவருக்குப் பழக்கம். ஒருவனுக்கு எப்போதும் மூக்கடைப்பு. இன்னொருவன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் இருமுவான். பெரிய ஆள் இருக்கிற வரைக்கும் அவர்கள் மாற்றி மாற்றி, என் பக்கம் கிளியர், உன் பக்கம் கிளியரா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கிளம்பிவிட்டார் என்றால் பேச்சு நின்றுவிடும். ராயபுரம் பக்கம் திரும்பிச் சாப்பிடப் போய்விடுவார்கள். செட்டு அமைதியானால் கடல் திறந்துவிட்டது என்று அர்த்தம். அவர் கேட்டவரையில் இது பிசகியதில்லை.

அந்தச் செட்டுக்கு ஒரே எதிரி மிக்ஸி. வீட்டில் மிக்ஸி ஓடினால் மனிதக் குரல் எதுவும் வராது, அடுப்பில் எண்ணெய் பொங்கினது போல ஒரே சீறல். அதனால் பெரிய ஆள் வரும் நாளில் மிக்ஸி கூடாது என்று குமாரவேல் சட்டமே போட்டிருந்தார்.

"அவரு வர்றாருன்னா நம்ம வூட்ல தேங்கா அரைக்கக் கூடாதா? அவரு இன்னா ஒன் சம்பந்தியா?" என்று அன்றும் மங்கை கேட்டுவிட்டுத்தான் கூடையைத் தூக்கினாள்.

அன்று வழக்கத்தை விடப் பெரிய நெருக்கடி. முந்தின நாள் சாயங்காலம் மகன் வெற்றி கடலில் நண்டு வலையை இறக்கிவிட்டுக் கரை ஏறினான். ஏறின பிறகுதான் ஊர்த் தலைவர் நாட்டார் கோயில் மைக்கில் சொன்னார்: நாளைக்கு ஒரு படகும் தள்ளக் கூடாது, ஊர் போலீஸுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது, மைக்கில் சொன்ன பிறகுதான் இறங்க வேண்டும். நண்டு வலையைக் காலையில் எடுத்தாக வேண்டும். வெயில் ஏற ஏற மாட்டின நண்டு செத்துப்போகும், அதைத் தின்ன வருகிறதெல்லாம் வலையைக் குதறும். புது வலை. அதற்கு ஈயக்குண்டு கட்டியது குமாரவேல்தான், இதே அடுப்படி வாசலில், காலை நீட்டிக்கொண்டு.

வெற்றி கரையில் படகுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தான், கூட அவன் தோஸ்து ரஞ்சித்.

"நைனா, இன்னா சொல்றான்?" போனில் அவன் குரல் காலையிலிருந்து ஏறிக்கொண்டே வந்தது.

"இன்னும் பேசிக்கினுதான் கீறானுங்கோ. இரு."

"எவ்ளோ நேரம் இருக்கறது? அங்க வலை நாறிக்கினு கீது."

"நான் இன்னாடா பண்றது? அவர எழுப்பி வூட்டுக்குப் போன்னு சொல்லட்டா?"

போனை வைத்ததும் மங்கை கூப்பிட்டாள். ரோட்டை அடைத்துவிட்டதால் வியாபாரமே இல்லை, வெயில் மண்டையைப் பிளக்கிறது, நடந்தே வந்துகொண்டிருக்கிறேன், குழம்பு ஆச்சா என்றாள்.

"ஆவுது."

"அரைச்சிட்டியா?"

போனை வைத்தார். அரைக்கவில்லை. தேங்காயும் சீரகமும் ஜாரில் காலையிலிருந்து காய்ந்துகொண்டிருந்தன. அவளுக்கு அரைத்துவிட்ட குழம்புதான் வேண்டும், அதுவும் மையாக. செட்டைப் பார்த்தார். மூக்கடைப்பு கிளியர் என்றான், இருமல்காரன் இருமிவிட்டுக் கிளியர் என்றான். ஒரு சுற்று முடிந்தது, அடுத்த சுற்றுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். சுவரைப் பிடித்து எழுந்து மிக்ஸியைப் போட்டார்.

செட்டு சீறியது. மூடியைத் திறந்து பார்த்தார். இன்னும் திப்பி திப்பியாக இருந்தது. தண்ணீர் தெளித்து மறுபடி ஓட்டினார்.

நிறுத்தியபோது வீடு அமைதியாக இருந்தது. செட்டும். புளித்தண்ணீரில் விழுதைக் கரைத்தார், அடுப்பை மூட்டினார், மீனைக் கழுவினார். செட்டு வாயே திறக்கவில்லை. சத்தத்தைக் கூட்டி வைத்தார். ஒன்றும் இல்லை. குழம்பு கொதி வரும் வரைக்கும் ஒன்றும் இல்லை.

"வெற்றி, போய்ட்டானுங்கடா. சத்தமே இல்ல."

"நெஜமாவா? மைக்ல ஒண்ணும் சொல்லலியே நைனா."

"மைக்கு எப்ப சொல்லும்? அவரு ஏறி, எறங்கி, ஆபீஸ்லேர்ந்து மெசேஜு வந்து, அத நாட்டாரு கண்ணாடி போட்டுப் படிச்சி முடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். நான் கேட்டுகினுதான் கீறேன். நீ தள்ளு."

மீனைக் குழம்பில் விட்டார். கருவேப்பிலை உருவிப் போட்டார். வெகு நாளைக்குப் பிறகு ஒரு படகைத் தானே ஓட்டிப்போவது போல இருந்தது.

அடுப்பைச் சிறிதாக்கும்போது செட்டு பேசியது. மூக்கடைப்புதான். கிளியர் என்று சொல்லவில்லை.

"ஃபைபர் போட்டு ஒண்ணு, ரெண்டு ஆளு, வலை இழுக்கறாங்க. போட்டு பேரு மங்கை. நிறுத்தச் சொல்றோம், ஓவர்."

அவனோ இந்நேரம் ராயபுரத்தில் சோறு தின்றுகொண்டிருக்க வேண்டிய ஆள். குமாரவேல் செட்டைக் கையில் எடுத்தார். பழைய பழக்கத்தில் கட்டைவிரல் பேசுகிற பொத்தானைத் தேடியது. இந்தச் செட்டில் அது இல்லை. "டேய், வலைய வுட்றா! வுட்டுட்டு வாடா!" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினார். வெற்றிக்குப் போன் அடித்தார். மணி போனது, எடுக்கவில்லை.

"போட்ட கட்டி இழுத்துக்கினு வர்றோம், ஓவர்."

வாசலில் கூடையை இறக்கும் சத்தம் கேட்டது. "கொழம்பு ஆச்சா?" என்றபடி மங்கை உள்ளே வந்தாள். அவர் முகத்தையும் கையிலிருந்த செட்டையும் பார்த்தாள். அடுப்பை அணைக்கப் போனாள்.

பொழுது சாயும்போது வெற்றியையும் ரஞ்சித்தையும் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். படகு மட்டும் போலீஸ் பிடியில் காசிமேட்டில் நின்றது. பாதி வலைதான் படகில் ஏறியிருந்தது, மீதி கடலில். மறுநாள் காலை கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியது. ஊர் கொடுத்த வாக்கை ஒரு படகு மீறிவிட்டது, அதனால் படகு திரும்பி வந்தாலும் அமாவாசை வரைக்கும் மணலில்தான் கிடக்க வேண்டும், மீதி வலையை எடுக்கக்கூட யாரும் அவனை ஏற்றிப் போகக் கூடாது என்று நாட்டார் சொன்னார். குமாரவேல் போகவில்லை. கால் வலி என்றார். அன்றைக்கு வலி ஒன்றும் அதிகமில்லை.

கூட்டம் முடிந்து வெற்றி திரும்பி வந்தபோது அவர் அடுப்படி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மங்கை முதல் நாள் குழம்பைச் சுண்டவைத்துக்கொண்டிருந்தாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். ஜன்னல் கட்டையைப் பார்த்தான். செட்டு அங்கேயேதான் இருந்தது, அணைத்து வைத்திருந்தது.

"அந்தப் பெரிய ஆளு படகுல ஏறி கடல் பக்கமா சுத்திப் பாத்தாராம். அதான் யாரும் பேசக் கூடாதுன்னு ஆர்டர் போட்டானுங்களாம். செட்டுலயே சொன்னானுங்களாம், இங்கிலீஷ்ல ஒரு வாட்டி, தமிழ்ல ஒரு வாட்டி."

குமாரவேல் வெங்காயத் தோலைக் குவித்தார்.

"கரையில நின்ன லாஞ்சுங்களோட செட்டுல கூட எல்லாருக்கும் கேட்டுகீது. ரஞ்சித்தோட மாமா சொல்றாரு. ஒங்க நைனா செட்டுல மட்டும் ஏன்டா கேக்கலன்னு ஊரே சிரிக்குது."

மங்கை கரண்டியை நிறுத்தினாள். அவள் பார்வை சமையல் மேடைக்குப் போனது. கழுவிக் கவிழ்த்திருந்த மிக்ஸி ஜார். பிறகு புருஷனைப் பார்த்தாள். மறுபடி கிளறத் தொடங்கினாள்.

"நைனா, ஒன்னத்தான் கேக்கறேன். நீ கேட்டுகினுதான் கீறேன்னு சொன்னியே. அந்த நேரத்துல இன்னா பண்ணிக்கினு இருந்த?"

கையிலிருந்த வெங்காயத்தில் தோல் எதுவும் மிச்சமில்லை. குமாரவேல் அடுத்த அடுக்கையும் உரித்தார்.

வெற்றி அவர் கையிலிருந்த வெங்காயத்தைப் பார்த்தான். பிறகு ஆணியிலிருந்து சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.