கேபிள் மேல் போட்ட பழி

நான் ஐந்தாம் வகுப்போடு சரி. அணுபுரம் குடியிருப்பில் தொலைபேசிக் கேபிள் பதிக்கப் பள்ளம் வெட்டப் போன கூலி ஆள். பள்ளம் வெட்டுகிறவனைக் கேபிளைத் தொட விடமாட்டார்கள். தொடாமலே பார்த்துக் கற்றுக்கொண்டேன். பத்து வருடம் கழித்து, மாமல்லபுரத்தைச் சுற்றி எந்த ஓட்டலில் கம்ப்யூட்டர் வைத்தாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இந்தப் பெருமையை எனக்கு யாரும் தானமாகக் கொடுக்கவில்லை.

அந்தப் பெயரை ஒரு படித்தவன் பத்து நிமிடத்தில் நாறடித்தான். இத்தனை வருடம் ஆகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

மாமல்லபுரத்தில் ஒரு அம்மா டிஜிட்டல் போட்டோ லேப் வைத்திருந்தார். கல்யாண ஆல்பம்தான் முக்கிய வேலை. முன் அறையில் மூன்று கம்ப்யூட்டர், பின் அறையில் எல்லாப் படங்களையும் சேமிக்கும் ஒரு பெட்டி. நடுவில் ஓடுகிற கேபிள் என்னுடையது. கம்ப்யூட்டர்களைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டியதும் நான்தான். விலையில்லாமல் கிடைக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டிருந்தேன். அதன் உள் நிரல் முழுவதையும் யாரும் திறந்து பார்க்கலாம்.

ஆறு மாதம் நன்றாக ஓடியது. பிறகு சில படங்கள் கெட்டன. மேல் பாதி பளிச்சென்று இருக்கும், கீழ்ப் பாதி வெறும் சாம்பல். கூடுவாஞ்சேரிப் பெண் ஒருத்தியின் தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளையின் முகம் இருக்கிறது, பெண்ணின் நெற்றிச்சுட்டி இருக்கிறது, கழுத்தைக் காணோம். கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா லேப் வாசலில் நின்று கத்தினார்.

"இன்னாம்மா வெளாடுறியா? மாப்ளைய இட்டாந்து இன்னொரு தபா தாலி கட்டச் சொல்லட்டா?"

அந்த அம்மாவின் கொழுந்தன் சாப்ட்வேர் இன்ஜினியர். ஜிஎஸ்டி ரோட்டில் பெரிய ஆபீஸில் வேலை. அவனை வரவழைத்தார்கள். வந்தான், உட்கார்ந்தான், எதையும் சோதித்துப் பார்க்கவில்லை.

"அண்ணி, இது கேபிள் கோளாறு. கடக்காத்துல மொனையெல்லாம் அரிச்சிகினு கீது. யாரு போட்டது, இந்தப் பெருசா? இன்னா படிச்சிகீது?"

"என்னாண்டயே கேளு தம்பி. அஞ்சாங் கிளாஸ்" என்றேன் நான்.

"அதான்."

அந்த 'அதான்' இருக்கிறதே, அதற்கு அவன் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

அதோடும் நிற்கவில்லை. கடலோரச் சாலையில் அவனுக்குத் தெரிந்த மூன்று ஓட்டல் மேனேஜர்களிடமும் போய்ச் சொல்லிவிட்டான். மூன்று பேரும் எனக்குப் போன் செய்து, புது வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். லேப் அம்மா நல்லவர், ஆனால் பயந்துபோயிருந்தார்.

"அண்ணே, அடுத்த முகூர்த்தம் வரைக்கும் பொறுத்துக்கறேன். அப்பறம் கேபிளை மொத்தமா புடுங்கிட்டு அவன் ஆளுங்களை வெச்சுப் போட்டுக்கறேன். இன்னொரு அப்பன்காரன் பேச்சை என்னால கேக்க முடியாது."

அடுத்த முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

இனிமேல் ஒரு மாதத்துக்கு எந்தக் கார்டையும் அழிக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொன்னேன். மறுநாளே ஒரு படம் கெட்டது. கம்ப்யூட்டருக்குப் படம் என்பதும் எண் வரிசைதான். கார்டில் இருந்த நல்ல படத்தையும் பெட்டியில் இருந்த கெட்ட படத்தையும் எண் எண்ணாக ஒப்பிட்டேன். கெட்டதில் ஓர் இடம் முழுக்கப் பூஜ்யம், அங்கிருந்து கீழே படம் சாம்பல். எண்ணிப் பார்த்தால் சரியாக 4096. அடுத்த படத்தில் அதன் மூன்று மடங்கு. இன்னொன்றில் இரண்டு மடங்கு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. உப்புக்காற்று ஸ்கேல் வைத்து அளந்தா அரிக்கும்? கேபிள் கெட்டால் வேகம் குறையும், இணைப்பு விட்டுவிட்டு வரும். இப்படி அளவெடுத்து வெட்டாது.

போனில் அவனிடம் சொன்னேன். "டெக்னிகலா பேசாத பெருசு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தபோது, அவனையே கடைக்கு அனுப்பி, முனையோடு வரும் ஒரு மீட்டர் கம்பெனிக் கேபிள் நாலு வாங்கிவரச் சொன்னேன். பெட்டியைத் தூக்கிவந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்து, என் கேபிளை எல்லாம் கழற்றிவிட்டு, புதியதை அவன் கையாலேயே மாட்டச் சொன்னேன். மூன்று கம்ப்யூட்டரிலிருந்தும் ஒரே நேரத்தில் படங்களை அனுப்பினோம். இருநூறு படத்தில் இரண்டு சாம்பல். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"அப்ப டிஸ்க்கா இருக்கும்" என்றான். கேபிளைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை.

டிஸ்க்கையும் சோதித்தேன், பழுதில்லை. அளவெடுத்து வெட்டுவது நிரலாகத்தான் இருக்கும் என்று அன்றைக்குத்தான் கெர்னலைத் திறந்தேன். கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிமடி. டிஸ்க், மெமரி, நெட்வொர்க் எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது அதுதான். அது எழுதப்பட்ட மொழியில் மொத்தமே முப்பது சொச்சம் வார்த்தைகள். எடைக்குப் போட்ட ஒரு பழைய தமிழ்ப் புத்தகத்தை வைத்து அவற்றை எப்போதோ கற்றிருந்தேன். நிரலின் நடுவே, எழுதியவர்கள் இங்கிலீஷில் நீளநீளமாகக் குறிப்பு போட்டிருப்பார்கள். அவற்றை மெஷின் தாண்டிப் போய்விடும். நானும் அப்படித்தான். மெஷினுக்கும் இங்கிலீஷ் தெரியாது, எனக்கும் தெரியாது.

எட்டு நாள். சோறு இறங்கவில்லை. படத்தைப் பெட்டிக்கு அனுப்பும் பகுதியை மட்டும் விரல் வைத்து வரிவரியாகப் போனேன். கெர்னல் படத்தை 4096 கொண்ட துண்டுகளாக்கி, எட்டு எட்டாகக் கட்டி அனுப்புகிறது. பெட்டிக்கு வேலை அதிகமாக இருந்தால், 'எட்டில் ஐந்துதான் வாங்கினேன்' என்று பதில் சொல்கிறது. இந்தப் பக்கம் இருப்பவன் என்ன செய்ய வேண்டும்? மீதி மூன்றைத் திரும்ப அனுப்ப வேண்டும். இவனோ பதில் பூஜ்யத்துக்கு மேல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறான். இருந்தால் எட்டும் போய்ச் சேர்ந்தது என்று கணக்கை முடித்துவிடுகிறான். பாதி லோடு இறக்கிய லாரிக்கு முழு லோடு இறங்கியது என்று கையெழுத்துப் போட்ட மாதிரி. அந்த மூன்று துண்டுதான் அந்தப் பெண்ணின் கழுத்து.

கொழுந்தனைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன்.

"டிஸ்க் இல்லன்னு தெரிஞ்சதும் இந்த எடத்த நான் போன வாரமே பாத்தாச்சு பெருசு. இதுல ஒண்ணுமில்ல."

"எப்டி ஒண்ணுமில்ல?"

"மேல கமென்ட்ல தெளிவா எழுதிகீது பாரு. மீதிய, இத வேலைக்குக் கூப்ட பங்ஷன் திரும்ப அனுப்பிடும்னு."

"எழுதிகீதுல்ல? அனுப்புறவன் எங்க கீறான்? காட்டு."

மேலே போனான். கீழே போனான். நிரலில் இந்தப் பகுதியை வேலைக்குக் கூப்பிடும் இடம் ஒவ்வொன்றாகத் தேடினான். அம்மா கொண்டுவந்து வைத்த காபி ஆடை கட்டியது.

"இல்ல…" என்றான்.

"உரக்கச் சொல்லு, காதுல வியல."

"அனுப்புறவன் இல்ல."

எவனோ செய்வதாக எழுதிவைத்தான், செய்யவில்லை. இவன் எழுத்தை நம்பினான், வேலை நடந்ததா என்று பார்க்கவில்லை. படித்தவன் படித்தவனை நம்பினான், பழியைப் பள்ளம் வெட்டினவன் தலையில் இறக்கினான்.

நிபந்தனையைத் திருத்தி, மீதியைத் திரும்ப அனுப்ப ஐந்து வரி சேர்த்தேன். மூன்று இடத்தில் பிழை வந்தது, சரி செய்தேன். புதுக் கெர்னலை ஏற்றி, இரண்டு கல்யாணப் படங்களை மூன்று கம்ப்யூட்டரிலிருந்தும் ஒரு பகல் முழுக்கத் திரும்பத் திரும்ப அனுப்பி, கார்டோடு ஒப்பிட்டோம். ஒரு எண்கூட மாறவில்லை. கெர்னலைப் பராமரிப்பவர்களுக்குக் கொழுந்தன் எழுதிக் கேட்டான். அடுத்த பதிப்பில் வேறு யாரோ ஏற்கெனவே திருத்திவிட்டார்களாம். இருக்கட்டும். அந்த ஆள் எத்தனை வகுப்பு படித்தவன் என்று நான் கேட்கவில்லை. மாமல்லபுரத்தில் திருத்தியவன் நான்.

முகூர்த்தப் படங்கள் முழுசாக வந்தன. கேபிள் பிழைத்தது. ஆனால் வெளியே அவன் என்ன சொன்னான் தெரியுமா? "சாப்ட்வேர் அப்டேட் பண்ணோம், சரியாயிடுச்சு." கேபிள்மேல் குற்றமில்லை என்று எங்கேயும் சொல்லவில்லை. மூன்று மேனேஜர்களும் என்னைக் கூப்பிடவில்லை.

நேராக லேபுக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த கொழுந்தனிடம், "ஏறு வண்டியில" என்றேன். சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. "போய்ட்டு வா" என்றார்.

என் டிவிஎஸ் பிப்டியில் அவனைப் பின்னால் உட்காரவைத்து, மூன்று ஓட்டலுக்கும் கொண்டுபோனேன். முதல் இரண்டிலும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். மூன்றாவது ஓட்டலில் மேனேஜர் கோட்டு போட்ட ஆள். அவரைப் பார்த்ததும் இவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. புஸ்புஸ்ஸென்று இங்கிலீஷில் ஏதோ பேசினான். மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் நகரவில்லை.

"இவருக்குப் புரிஞ்சிது. எனக்குப் புரியல. தமிழ்ல சொல்லு தம்பி."

வரவேற்பறையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்குக் காது சிவந்தது.

"கேபிள்ல தப்பில்ல. நான்தான் பாக்காம சொல்லிட்டேன்."

"யாரு கேபிள்?"

"இவரு கேபிள்" என்றான்.