சுண்ணாம்பு டப்பியில் இருந்த கார்டு

அவருடைய கை உடைந்ததற்கு நானே காரணம். அப்போது மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்தேன். சம்பளப் போராட்டத்தன்று தோட்டக் காவல்காரர்கள் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியை மண்டை பிளக்க அடித்தார்கள். தொழிலாளர் லயத்தில் சடங்கு வீட்டுக்குப் படம் பிடிக்க வந்திருந்த லுணுகலை ஸ்டூடியோக்காரர் அதைப் படமெடுத்தார். ஒல்லியான மனிதர். எடுத்து முடித்ததும் மெமரி கார்டைக் கழற்றி, மழையில் நனையாதபடி காலி வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பியில் வைப்பது அவர் வழக்கம்.

காவல்காரர்கள் கெமராவைக் கல்லில் அடித்து, படம் அதில்தான் இருக்கும் என்று உள்ளேயிருந்த சென்சரை மிதித்து நொறுக்கினார்கள். அதோடு போயிருப்பார்கள். படித்தவனான நான் வாய் திறந்தேன்.

"சென்சர் வெளிச்சத்தத்தான் பிடிக்கும். படம் கார்டுல இருக்கும்."

டப்பியை மூடியிருந்த கையை அவர் விரிக்கவில்லை. பொல்லுத் தடியால் அடித்து விரித்தார்கள்.

எரிக்கச் சொல்லி காவல்காரர்கள் என்னிடம் தந்த கார்டை நான் எரிக்கவில்லை. வெளியில் காட்டவும் துணியவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அவர் கடைக்குக் கொண்டுபோனேன். கோணிய விரல்களால் கார்டு ரீடரில் செருகினார். படங்கள் அப்படியே இருந்தன. அடிபடும் பெண்ணுக்குப் பின்னால் நான் குடை பிடித்து நிற்கிறேன்.

"நீங்களும் இருக்கீங்கய்யா. வெட்டிரவா?"

"வேணாம். இப்படியே பொலிஸ்ல குடுங்க."

கொடுத்தார். இப்போது என்னையும் விசாரிக்கிறார்கள். 'வெட்டிரவா' என்று அவர் கேலியாகக் கேட்டாரா, இரங்கிக் கேட்டாரா என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.