மிதித்தால் நிற்கும் படகு

தைப்பூசம் முடிந்த மறுநாள், காளியண்ணனின் லோரி அவரை விட்டுவிட்டுப் புறப்பட்டது. செம்பனைக் குலைகளோடு ஆலைக்குக் கிளம்பிய அதை ஓட்டியது தீபன். முந்தின வாரம் பட்டப்பகலில் கண்ணசந்து லோரியைக் கால்வாயில் இறக்கியிருந்தார் காளியண்ணன். மாதக்கணக்காக அவருக்கு ராத்தூக்கம் கிடையாது.

"ஒழுங்கா தூங்கி எழுந்திரிங்கண்ணே, அப்புறம் சாவி தரேன்," என்றார் தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் புவனேசன். அதுவரை உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை. ஸ்டியரிங் பிடித்த கைக்கு அதைவிட அவமானம் வேண்டுமா?

தூக்க மாத்திரை போட்டுப் பார்த்தார், விடிந்தும் மந்தம் போகவில்லை. அதனால், கோல சிலாங்கூர் டவுனில் கங்கா நடத்தும் மூளைப் பயிற்சி நிலையத்துக்குப் போனார். தலையில் சின்னத் தகடுகளை ஒட்டி மூளை அலைகளை அளப்பார்கள். மனம் அடங்கினால் எதிரே திரையில் ஒரு படகு நகரும், அலைந்தால் நின்றுவிடும்.

முதல் நாள் தகடே ஒட்டவில்லை. வழுக்கி வழுக்கிக் காதோரம் வந்தது. மூளைச்சூடு தணியட்டுமென்று உச்சி குளிர நல்லெண்ணெய் வைத்து வந்திருந்தார் மனுஷன்.

"அண்ணே, பயிற்சிக்குத்தானே வரச் சொன்னேன்? தாளிக்கவா கூப்பிட்டேன்?"

"சூடான மூளைமா. சும்மா எப்படி வர்றது?"

"ஷாம்பு போட்டுக் குளிச்சிட்டு நாளைக்கு வாங்க லா."

மறுநாள் தகடு ஒட்டியது, படகுதான் நகரவில்லை. காளியண்ணன் பல்லைக் கடித்தார், நாற்காலியை இறுக்கிப் பிடித்தார், மேட்டில் பாரம் ஏற்றுகிறவர்போல் வலது காலை அழுத்தினார்.

"இது லோரி இல்லண்ணே. மிதிச்சா நின்னுடும்."

"மிதிக்காம எப்படிமா போவும்?"

பல வாரம் இதே கூத்து. ஒருநாள் அலுத்துப்போய், 'போனால் போ' என்று சாய்ந்துகொண்டார். பாசிர் பெனம்பாங் மீனவர் கிராமத்தில் நல்ல மீன் வந்திருக்குமா, மாங்காய் போட்டுக் குழம்பு வைக்கலாமா என்று நினைப்பு எங்கோ போனது. படகு மெல்ல நகர்ந்தது.

"அண்ணே! என்ன செஞ்சீங்க?"

"ஒன்னும் செய்யலியேமா!"

"அதத்தான் இவ்வளவு நாளா செய்யச் சொல்றேன்!"

அவர் பதறி நிமிர்ந்தார். படகு நின்றுவிட்டது.

போகப்போக அந்த ஒன்றும் செய்யாத வித்தை கைவந்தது. தூக்கமும் வந்தது. சாயந்தரக் காப்பியையும் நிறுத்த வைத்திருந்ததால், எது வேலை செய்தது என்று கங்காவாலேயே அடித்துச் சொல்ல முடியவில்லை. காளியண்ணன் புவனேசனிடம் போய்ச் சொன்னார். "பார்ப்போம்," என்றதோடு சரி.

தீபாவளி நெருங்கிய ஒரு விடியலில் கைப்பேசியைத் திறந்தார். மண்டோர் முந்தின இரவு அனுப்பிய செய்தி: "தீபன் வேற எஸ்டேட்டுக்குப் போறான். காலையில வந்து சாவிய வாங்கிக்குங்கண்ணே."

அதன் கீழே இன்னொன்று: "என்னண்ணே, பதிலையே காணோம்? அதுக்குள்ள தூங்கிட்டீங்களா?"